கஜுத் தோப்பில் பனி

"இஞ்ச பாருங்கம்மா, இது கம்பெனி செஞ்சதில்ல. கேம் விளையாடுற ஆக்களே செஞ்ச மாயக் காடு" என்று மகள் திரையைக் காட்டினாள். மரங்களின் அடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. அவளுக்கு அது அழகு. நான் மூக்கைப் பொத்தினேன்.

சண்டைக் காலத்தில் செங்கலடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். கக்கூஸ் போதாமல் சனமெல்லாம் பின்னாலிருந்த கஜுத் தோப்புக்குத்தான், முந்திரி மரங்களுக்குள்தான், போகும். காலையில் இரண்டு பேர் வாளியோடு வந்து, மலத்தின்மேல் பிளீச்சிங் பவுடரை வாரி இறைப்பார்கள். தோப்பே வெளுத்துவிடும். மூக்கை எரிக்கும் அந்த நெடிக்கு அடியில் பீநாற்றம் அப்படியே கிடக்கும்.

எனக்கு ஒன்பது வயது. நத்தாருக்கு வந்த கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் பனியைப் பார்த்திருந்தேன். தங்கச்சியிடம், "இதுதான் ஸ்னோ. தின்டு பார், இனிக்கும்" என்றேன், வெறும் வேடிக்கைக்கு. அவள் கிள்ளி வாயில் போட்டாள். உதடு வெந்து அலறினாள்.

வரிசையில் நின்று பிடித்த குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றி அவள் வாயைக் கழுவிய அம்மா, "பீக்காட்டில பொறுக்கித் தின்னுறியா?" என்று முதுகில் அறைந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவளாத்தான் தின்டவள் அம்மா" என்றேன்.

தங்கச்சி வீங்கிய வாயோடு என்னையே பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

"பனியத் தின்டா உசிர் கூடும்மா" என்றாள் மகள். திரையில் ஒரு சிறுமி குனிந்து பனியை அள்ளினாள்.

"நிப்பாட்டு!"

"ஏம்மா?"

"கண்ணுக்குக் கூடாது" என்றேன். இன்றைக்கும் பொய்தான் வாயில் வந்தது.