அகராதிக்காரன் பெண் பார்க்கப் போனது

போன வாரம் மகனும் மருமகளும் என்னைச் சேலத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். மெனு கார்டில் 'மல்லிகட்டானி சூப்' என்று இருந்தது. கிண்ணம் வந்ததும் மிளகு வாசனை மூக்கில் ஏறியது. விடுவேனா? "இது நம்ம மிளகுத்தண்ணிதான்டா. கப்பலேறிப் போய், துரையாகித் திரும்பி வந்திருக்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். இந்த வியாதி எனக்கு இருபத்திரண்டு வயதில் தொற்றியது.

அப்போது சூரமங்கலம் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். யுத்தம் தொடங்கவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் நாற்காலி, கண்ணாடி என்று அள்ளிக்கொண்டு போக, எனக்கு வாய்த்தது அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதி. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது, முதலில் அதற்கு என்ன பொருள் என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. மஸில் என்றால் சுண்டெலியாம்! மூட்டை சுமந்துகொண்டிருந்த கலாசி ஒருவரிடம் போய், "உங்க தோளுக்குள்ள எலி ஓடுது" என்றேன். அவர் நிஜமாகவே மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். விண்டோ என்றால் காற்றின் கண்ணாம். நம் பழைய தமிழிலும் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு, காற்று வரும் வழி. அவர்களுக்கும் நமக்கும் ஒரே மாதிரி புழுங்கியிருக்கிறது பாருங்கள்.

ஜன்னல் என்றதும் ஜேடர்பாளையத்து ஜன்னல் ஞாபகம் வருகிறது. என் மாமா என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப் போன வீடு அது. பெண்ணின் அப்பாவுக்குக் காவிரி வாய்க்காலில் பாயும் வயல். இங்கிலீஷ் தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். மற்ற ஊர்களில் பெண்ணைப் பாடச் சொல்வார்களாம். இங்கே மாப்பிள்ளையைப் படிக்கச் சொன்னார்கள். பலகாரம் வருவதற்கு முன்பே, வாய்க்கால் ஆபீசிலிருந்து வந்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, இதுல என்னமோ எழுதியிருக்கறாங்க. படிச்சு வெவரஞ் சொல்லுங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வரியிலேயே 'அனிகட்' என்ற சொல். பிடித்துக்கொண்டேன். "இது இங்கிலீசே இல்லீங்க! நம்ம அணைக்கட்டுதானுங்க!" அவர் விரலிடுக்கில் சுருட்டு, அதையும் விடவில்லை. "அவங்க செரூட்டுங்கறது உங்க கையில இருக்கற சுருட்டுதானுங்க." கூலி, கட்டுமரம் என்று வண்டி ஓடியது. மாமா என் தொடையைக் கிள்ளினார்.

பெண்ணின் அப்பா காகிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"இங்கிலீசு தெரியும்னு சொன்னீங்க. தம்பிக்குத் தமிழுதான் வரும்போல இருக்குதுங்களே?" என்றார் மாமாவிடம்.

சம்பந்தம் கைநழுவிப் போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. பெண்ணின் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை. வெறும் வளையல் சத்தத்துக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "அப்பா, அதெல்லாங் கெடக்கட்டும். தண்ணி என்னைக்கு நிக்குதுன்னு கேளுங்க. நாத்து உட்டிருக்குதுல்ல?"

காகிதம் மறுபடி என் கைக்கு வந்தது. இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். அணைக்கட்டில் பழுது பார்க்கிறார்கள். திங்கட்கிழமை முதல் பத்து நாள் வாய்க்காலில் தண்ணீர் வராது. இடையில் நான்கே நாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க சாமி?" என்று சிரித்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகு நான் எந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கிளப்பினாலும் சரி, கடைக்குப் போன கதையை ஊரைச் சுற்றி இழுத்தாலும் சரி, அடுப்படியிலிருந்து அவள் கேட்பாள்: "செரி, தண்ணி என்னைக்கு நிக்குதுங்க?" எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்த கையோடு விஷயத்துக்கும் வந்துவிடுவேன்.

அகராதியைக் கரையான் தின்றுவிட்டது. துரைகள் போய்விட்டார்கள், கலாசிகளையும் காணோம். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்று ஹோட்டலில் மிளகுத்தண்ணியில் ஆரம்பித்து, சுருட்டு, கட்டுமரம், காற்றின் கண் வரை சொல்லி முடித்தேன். மகனும் மருமகளும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்கள். சூப் ஆறிப்போனது. யாரும் குறுக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை.