எதிர்மலைக்குக் கேட்ட 'பேஸ்'

காதுக்கு எட்டுமுன் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும் சத்தம் அது. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேன் ஓட்டிய என் சித்தப்பா பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு சப்ஊஃபர் பெட்டியை ஏற்றியபோது எனக்குப் பதினாறு வயது. சங்கீதம் தெரியாது, ஆனால் 'பேஸ்' பற்றி, கேட்காதவர்களுக்கும் வகுப்பெடுப்பேன். தம்ளரில் தண்ணீர் வைத்து, அது நடுங்குவதைப் பார்த்துத் தரம் சொல்லும் நிபுணன்.

அன்று காலை, பாட்டே இல்லாமல் அடி மட்டும் விழும் கேசட் ஒன்றைப் போட்டு, பின்கதவைப் பள்ளத்தாக்குப் பக்கம் திறந்துவைத்தோம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரமெல்லாம் கிடுகிடுத்தது. எதிர்மலைக்குக் கேட்கிறதா பார்ப்போம் என்று சத்தத்தை முழுதாகத் திருகியவன் நான்தான்.

கேட்டது. எங்கள் தோட்டத்தில் யாராவது இறந்தால், 'தப்பு' என்கிற பறையை அடித்துத்தான் மலையில் வேலை செய்பவர்களுக்குத் தகவல் போகும். கறுப்பையா தாத்தா ஒரு மாதமாகப் படுக்கையில் கிடப்பதும், அவர் மகள் செல்வி அக்கா எதிர்மலையில் கொழுந்து பறிப்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போய்ச் சேர்வது வெறும் அடி மட்டுமே என்பதும், நிபுணன் அல்லவா, தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கும் பாகம்தான் என் மண்டையில் பொருத்தப்படவில்லை.

அக்கா கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்து, வாசல் மண்ணில் விழுந்து ஒப்பாரி வைத்தார். அதை உள்ளிருந்து கேட்ட தாத்தா, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார்.

"நான் இருக்கேன் புள்ள. நல்லாத்தான் பாடுற, அப்பறமா பாடு."

லயமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. யார் வேலை என்று என்னைக் கேட்டார்.

"சித்தப்பாதான்க்கா. நான் வேணாமுன்னுதான் சொன்னேன்."

சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வசவு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து தாத்தாவுக்காக உண்மையாகவே தப்பு ஒலித்தது. அடித்தாயிற்று, மகள் வந்துவிடுவார் என்று யாரும் ஆள் அனுப்பவில்லை. அக்காவோ, "அந்த வேனுதான், வேலயப் பாருங்க" என்று மற்றவர்களையும் அடக்கிவிட்டு, தன் நிரைச் செடிகளைப் பறித்து முடித்து, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, யாருடனோ பேசிச் சிரித்தபடி எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். அன்று அவருக்கு ஒப்பாரி வரவில்லை.

இப்போது தப்படிக்க ஆளில்லை. சாவுச் செய்தி கைப்பேசியில் வருகிறது. ஆட்டோக்களெல்லாம் 'பேஸ்' அதிர வயிற்றைக் கலக்கிக்கொண்டு போகின்றன, ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சித்தப்பாவும் போய்விட்டார். ஊருக்குப் போனால் செல்வி அக்கா பிளேன்டீ கொடுத்து உட்கார வைக்கிறார்.

"ஒங்க சித்தப்பா மேல மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறல தம்பி."

நாற்பத்தெட்டு வயதிலும், "வாஸ்தவந்தான்க்கா" என்கிறேன்.