பென்சில் புள்ளி வைத்த காலண்டர்

தங்கமாரி இறந்துபோன செய்தி எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. நம் சுகாதார நிலையத்துப் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிவதற்குள் வந்து விழும் காலை வணக்கப் படங்களைத் தாங்க முடியாமல் சத்தத்தை அடைத்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை எதற்கோ திறந்தால் வரிசையாகக் கூப்பிய கைகள். யாருக்கு என்று தள்ளிக்கொண்டே போனால், தங்கமாரியின் படம். செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சுவலி. மதுரைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் பார்க்கும்போது அடக்கமெல்லாம் ஆகிவிட்டிருந்தது. பாவி நான், ஒரு மாலை போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவர் ‘லேப் அம்மா’. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் ரத்தம் எடுப்பவர். நான் அன்றாடக் காய்ச்சல் கணக்கை மாலைக்குள் மேலே அனுப்பும் எழுத்தர். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனால் அவர் ‘செல்வராஜ் சார்’ என்று ஒரு மாதிரி இழுத்துக் கூப்பிட்டால், நான் எங்கோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் என்றைக்குத் தொடங்கியது என்று கேட்பார். பட்டாசுக் கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: “நேத்துத்தாம்மா.” காய்ச்சல்காரரை வெடிமருந்து அறைக்குள் விட மாட்டார்கள், சீசன் நேரத்தில் வெளியே நின்றால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறைத்துவிடுவார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய பொய் அது. நானும் பேசாமல் ‘நேற்று’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

தங்கமாரி விடமாட்டார். ஒருநாள் தாயில்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

“அதை விடுங்க. மொத மொத உடம்பு வலிச்ச அன்னைக்கு என்ன வேலை பாத்தீக?”

“சக்கரம் சுத்திக்கிட்டு இருந்தேன்.”

“இப்ப?”

“இப்பப் புஸ்வாணம்லா ஓடுது. வியாழக்கெழம மாத்திட்டாக. சக்கரம் முடிஞ்ச அன்னைக்குத்தான் கை காலெல்லாம் ஒரே கடுப்பு.”

“அப்பப் புதன்கெழம. இன்னைக்குத் திங்கள். அஞ்சு நாளு ஆச்சே தாயி, நேத்துங்கிறீக!”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். தேதியில் பொய் சொல்பவர்களுக்கு, செய்த வேலையில் பொய் சொல்லத் தோன்றவில்லை. இந்த வழியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்லித் தந்ததில்லை, அவராகக் கண்டுபிடித்தது.

அப்படிக் கண்டுபிடித்ததும், காய்ச்சல் தொடங்கிய அந்த நாளின் கட்டத்தில், காலண்டரில் ஒரு புள்ளி வைப்பார். பரிசோதனை முடிவு வராத காய்ச்சலுக்குப் பென்சில். டெங்கு என்று முடிவு வந்தால் அதன்மேல் பேனா. அவர் கணவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். வண்ணம் விலகி ஒதுக்கிய காலண்டர்தான் எங்கள் லேபுக்கு வரும். ஒரு வருடம் முருகனுக்கு நாலு கண். “எனக்கு ரெண்டு போதாதுன்னு அவரும் சேந்து பாக்காரு” என்பார்.

அந்த வருட ஐப்பசியில் காய்ச்சல் கடுமையாக இருந்தது. ஆயுதபூசை, விஜயதசமி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. எடுத்த ரத்தமெல்லாம் வெளியூர்ப் பரிசோதனைக்குப் போகாமல் எங்கள் குளிர்பெட்டியிலேயே இருந்தது. ஆனால் என் படிவத்தில் முடிவு வந்த நாளுக்கு மட்டும்தான் கட்டம். மூன்று நாளும் எண்கள் சரிந்து கிடந்தன. ‘காய்ச்சல் குறைந்து வருகிறது’ என்று எழுதி அனுப்பினேன். உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி வேறு. அதை நம்பி, வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி பார்க்கும் கொசு ஒழிப்பு ஆட்களை மறுநாளே சாத்தூர்ப் பக்கம் மாற்றுவதாகத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவானது.

கூட்டம் கலைவதற்குள் தங்கமாரி காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் டாக்டரின் மேசையில் விரித்தார். அந்த மூன்று நாள் கட்டங்களிலும் இடமில்லாமல் பென்சில் புள்ளிகள்.

“குறையல சார். இன்னும் முடிவு வந்து சேரல. நேத்தைக்குக் காய்ச்சல் கண்ட ஆளு நாளைக்குத்தான் வருவாக.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. “நீங்க ரத்தம் எடுங்க, கணக்கை நான் பாத்துக்கிடுதேன்” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “கணக்கு உங்களோடதுதான் சார். காய்ச்சல் அவுகளோடது.”

டாக்டர் நல்ல மனிதர். ஆட்கள் இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்றார். அதில் இரண்டாம் நாள், காலனி வீடொன்றின் வாசலில் தண்ணீர் டிரம் மூடியைத் திறந்த பணியாளருக்கு வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டிருக்கிறது. அம்மா கம்பெனிக்குப் போயிருக்க, பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் கைகால் சில்லிட்டுக் கிடந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். ஆறு நாள் கழித்து எழுந்து நடந்தாள். ஆட்களை மாற்றியிருந்தால் அந்த வீட்டுக் கதவை அன்றைக்கு யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

வாரக் கடைசியில் முடிவுகள் வந்தன. பென்சில் புள்ளிகளில் பாதிக்குமேல் பேனாவுக்கு மாறின. காய்ச்சல் குறைந்ததாக நான் எழுதிய நாட்கள்தான் அந்த மாதத்திலேயே மோசமான நாட்கள். தங்கமாரி அதை மேலே சொல்லியிருக்கலாம்; பாராட்டும் கிடைத்திருக்கும். என் மேசைக்கு வந்து, “செல்வராஜ் சார், நீங்களே திருத்தி அனுப்புங்க. உங்க கையெழுத்துலயே போகட்டும்” என்றார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “டீ சொல்லுங்க, சரியாப்போகும்” என்று போய்விட்டார். அன்றுமுதல் என் படிவத்தின் ஓரத்தில், காய்ச்சல் தொடங்கிய நாளுக்கென்று கையால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பணி ஓய்வு பெறும்வரை போட்டேன்.

இறந்த செய்தி பார்த்த மறுநாள், வெள்ளிக்கிழமை, தங்கமாரி வீட்டுக்குப் போனேன். அன்று பிழைத்த அந்தக் காலனிப் பெண்ணும் அவள் அம்மாவும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். “எம்புட்டுச் சொல்லியும் லேப் அம்மா ஒருநா எங்க வீட்டுல வந்து சாப்பிடலயே சார்” என்று அந்த அம்மா அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. கிளம்பும்போது தங்கமாரியின் கணவர் சுவரிலிருந்து இந்த வருடக் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தார். “நீங்க வச்சுக்கிடுங்க. அவகிட்டக் கேட்டா உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லுவா.”

வீட்டில் மாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தேன். கை தானாக வியாழக்கிழமைக்குப் போனது. எனக்குச் செய்தி வந்த நாள் அல்லவா. அப்புறம்தான், அவர் என்னிடம் என்ன கேட்டிருப்பார் என்று தோன்றியது: செவ்வாய்க்கிழமை என்ன வேலை பாத்தீக, சார்?

சாத்தூரில் ஸ்கூட்டருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன், அம்மா. கடைக்காரர் சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு வடை தின்றேன்.

அந்த நாளில் புள்ளி வைத்தேன். பேனாவால்.