வயலில் காட்டிய வீரம்

எங்கள் வகுப்பில் பதினொரு பாக்குவெட்டிகள் சேர்ந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பழம்பொருட் கண்காட்சி, ஆளுக்கொரு பொருள் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்று சொன்னதன் பலன் அது. பன்னிரண்டாவது பாக்குவெட்டியைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் எல்லாரும் எதையாவது கொண்டாடக் காரணம் தேடிக்கொண்டிருந்த காலம்.

எங்களோடு குஞ்சியப்பா இருந்தார். அம்மாவுடைய சித்தப்பா. அம்மா அப்படிக் கூப்பிட்டதால் எங்களுக்கும் அவர் குஞ்சியப்பாதான். எண்பது வயதைத் தாண்டியவரைக் ‘குஞ்சி’ என்று கூப்பிடுவதில் வீட்டில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. நாலு பரப்பு வெங்காயத் தோட்டம், ஒரு சைக்கிள், இடம்பெயர்ந்த போதெல்லாம் கூடவே வந்த ஒரு றங்குப்பெட்டி, இவ்வளவுதான் அவருடைய சொத்து. இளவயதில் எகிப்துப் பக்கம் வெள்ளைக்காரனுக்கு லொறி ஓட்டினவர் என்று சொல்வார்கள். அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. வெங்காயத்தைப் பற்றி என்றால் நாள் முழுக்கக் கதைப்பார்.

அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்த ஒரு காலையில் றங்குப்பெட்டியைத் திறந்தேன். கேட்காமல்தான். வேட்டிகளுக்கு அடியில், ஒரு பழைய லேஞ்சித் துணியில் சுற்றியபடி அது கிடந்தது. கனமான வெள்ளி வட்டம், நீலமும் வெள்ளையும் சிவப்புமாக ஒரு நாடா. ஒரு பக்கத்தில் வெள்ளைக்கார அரசருடைய தலை. மறுபக்கத்தில் ஐந்து ஆங்கிலச் சொற்கள். கடைசிச் சொல் ‘ஃபீல்ட்’ என்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். மிச்சத்துக்கு, எங்கள் வீட்டின் ஆங்கில அறிஞரான அண்ணையிடம் ஓடினேன்.

“வயலிலை காட்டின வீரத்துக்காக எண்டு கிடக்கு,” என்றார் அண்ணை.

“குஞ்சியப்பாவிட்டை வயல் இல்லையே. வெங்காயத் தோட்டமெல்லோ?”

“உந்த வித்தியாசமெல்லாம் வெள்ளைக்காரனுக்குத் தெரியுமோ?”

எனக்கு அது போதும். எழுத மட்டை தேடி ஓடினேன்.

பதினொரு பாக்குவெட்டிகளுக்கு நடுவில் பதக்கத்தை வைத்து, ‘வயலில் வீரம் காட்டியதற்காக அரசர் வழங்கியது’ என்று மட்டையில் எழுதி நிறுத்தினேன். சனம் என் மேசையைச் சுற்றி மொய்த்தது. என்ன வீரம் என்று ஒரு மாமி கேட்டபோதுதான் அதை நான் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது. வெங்காயத் தோட்டத்துக்குள் புகுந்த, கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளைக் குஞ்சியப்பா தனி ஆளாகக் குடையால் துரத்தினார் என்று சொன்னேன். முதலில் ஐந்து மாடுகள். இடைவேளைக்குப் பிறகு பன்னிரண்டு. கடைசி மணி அடித்தபோது நாற்பதாகிவிட்டன.

பிரதம விருந்தினராக வந்த, வெங்காயம் பயிரிடும் கமக்காரர் சங்கத்தின் தலைவர் அந்த நாற்பதையும் கேட்டுவிட்டு, “எங்கடை வெங்காயத்துக்கு அரசரே பதக்கம் குடுத்தவரோ!” என்று கூவினார். வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் பாராட்டு விழா என்று அங்கேயே அறிவித்தும் விட்டார். எங்கள் இங்கிலீஷ் ரீச்சர் மட்டும் பதக்கத்தைக் கையில் எடுத்து, திருப்பி வாசித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பாக்குவெட்டிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன்.

அன்று பின்னேரமே சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு அழைப்புச் சொல்ல வந்தார்கள். நான் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டேன். அவர்கள் போன பிறகு குஞ்சியப்பாவின் குரல் வந்தது.

“பிள்ளை, இஞ்சை வா.”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பதக்கத்தை அவருடைய கையில் கொடுத்தேன். அதைப் பார்க்காமலே கேட்டார்.

“எத்தினை மாடு?”

“நாப்பது.”

“குடையாலையோ?”

“ஓம்.”

குஞ்சியப்பாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாராக்கும் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு! இருமல் வரும்வரை சிரித்தார். அம்மா அகப்பையோடு ஓடிவந்தா. விஷயத்தைக் கேட்டு அடிக்க ஓங்கிய அகப்பையைக் குஞ்சியப்பா எட்டிப் பிடித்து, “மாடு கலைச்சவனுக்கு முன்னாலை பிள்ளையை அடிக்கிறியோ?” என்றார். பிறகு அம்மாவும் சிரித்தா.

வெள்ளிக்கிழமை அவர் போகமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, சட்டையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு புறப்பட்டார். மேடையில் பூமாலை போடவில்லை. சின்ன வெங்காயத்தைக் கோத்து முழங்கால்வரை தொங்குகிற ஒரு மாலை! முன் வரிசைக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே கைதட்டினார்கள். தலைவர் ஒலிவாங்கியை அவருக்கு முன்னால் நீட்டினார்.

“ஐயா, மெய்யாவே எத்தினை மாடு?”

தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். குஞ்சியப்பா கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“எண்ணேல்லைத் தம்பி. எண்ண நேரம் கிடைக்கேல்லை. ஆனால் ஒண்டுக்கும் காயமில்லை. எல்லாம் பத்திரமா வீட்டை போய்ச் சேர்ந்திட்டுது.”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. தலைவர் அவரைக் கட்டிப்பிடித்ததில் நாலைந்து வெங்காயங்கள் நசுங்கின.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது இங்கிலீஷ் ரீச்சர் எங்களிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, பதக்கத்திலை கிடக்கிற ‘ஃபீல்ட்’ வயல் இல்லையெல்லோ, போர்க்களம். பிள்ளைக்கு நான் திருத்திச் சொல்லட்டோ?”

“விடுங்கோ ரீச்சர். நடந்ததைவிட உவள் சொன்ன கதை நல்லது. உவளின்ரை கதையிலை ஒருத்தரும் சாகேல்லை.”

ரீச்சர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். எனக்கோ ‘நல்லது’ என்ற சொல் ஒன்றுதான் காதில் நின்றது. எண்பது வயது மனிதர், அதுவும் அரசரிடம் பதக்கம் வாங்கியவர், என் கதையைப் புகழ்ந்துவிட்டார்!

குஞ்சியப்பா என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, வெங்காய மாலையை என் கழுத்தில் போட்டு, உருட்டிக்கொண்டு நடந்தார். வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நாற்பது மாடு கொஞ்சம் குறைவுதான், அடுத்த முறை ஐம்பதாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.