உள்ளே எத்தனை பேர் வரலாம்

லட்சுமிகாந்தம் யாரையும் எளிதில் உள்ளே விடுகிறவள் அல்ல. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் மாரிசாமி அண்ணாச்சியின் அச்சகத்தில் டிசைன் அறை அவள் பொறுப்பு. யார் வந்தாலும் வாசலில் நிற்க வைத்து, என்ன வேலை என்று கேட்ட பிறகுதான் நாற்காலியைக் காட்டுவாள். முதலாளிக்கும் அதே மரியாதைதான். பெரிய திறமைசாலி என்று அவளைச் சொல்லிவிட முடியாது. சாமி படத்துக்குக் கீழே கடையின் பெயரைப் போடுவதென்றால் சிவப்பு எழுத்தைத் தாண்டி அவள் கை போனதில்லை. ஆனால் அவள் பார்த்து அனுப்பிய காலண்டரில் தேதி பிசகியதும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவள். அங்கே ஒவ்வொரு அறைச் சுவரிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அவள் அறைக்கு நான்கு. ஐந்தாவதாக ஒரு தலை எட்டிப் பார்த்தால், அது போர்மேனாகவே இருந்தாலும், எழுந்து வந்து மறிப்பாள். பிற்பாடு மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, கம்ப்யூட்டர் படித்து அச்சகத்துக்கு வந்தாள். கையிலிருந்த மருந்து வாடை போய்விட்டது. வாசலை மறிக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது.

ஆயுத பூஜையன்று ஏதாவது ஒரு புதுச் சாமானை ஓட்டிவிடுவது அண்ணாச்சியின் வழக்கம். இந்த வருடம் ரூட்டர். பழையதைக் கழற்றிவிட்டு, புதியதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அச்சகத்தின் கம்ப்யூட்டர்களை எல்லாம் அதில் இணைத்தார்கள். மறுநாள் வேலை தொடங்கியதும் கோளாறு தெரிந்தது. லட்சுமிகாந்தத்தின் கம்ப்யூட்டரிலிருந்து அச்சுத் தகடு செய்யும் பிளேட் அறை, பில் அறை, முதலாளி அறை மூன்றின் கோப்புகளும் திறந்தன. அங்கிருந்து அவளுடையதைத் திறக்க முடியவில்லை.

வேலை நின்றுவிடவில்லை. முடித்த டிசைனை அவளே பிளேட் அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் கை வழியாக மட்டுமே போனதுதான் அண்ணாச்சியை உறுத்தியது. முன்பு இருந்த டிசைனர், வாடிக்கையாளர்களின் டிசைன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போனவன். அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏம்மா, எங்க மிஷினையெல்லாம் நீ பாக்குறே. ஒன் மிஷினை மட்டும் நாங்க பாக்க முடியலை. ஒரு பக்கம் மட்டும் தானா கதவு சாத்திக்கிடுமா?"

தான் எதையும் தொடவில்லை என்று லட்சுமிகாந்தம் சொன்னாள். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. காரணம் தெரியாவிட்டால் திங்கட்கிழமை முதல் தன் தங்கை மகன் விக்னேஷ்குமார் அந்த நாற்காலியில் உட்காரட்டும், அவள் புரூப் மட்டும் பார்த்தால் போதும் என்றார். அந்த நாற்காலியை அவள் இத்தனை வருடத்தில் யாருக்கும் கொடுத்ததில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார்கள். எலி கடித்திருக்கும் என்று சொல்லி ஒயரை மாற்றினான். அது சரிப்படாமல், ரூட்டரில் ஒயரை வேறு துளைக்கு மாற்றிச் செருகினான். அதற்கும் அசையவில்லை. பிறகு அவள் கம்ப்யூட்டரிலிருந்து பிளேட் அறைக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தான், பதில் வந்தது. பிளேட் அறையிலிருந்து இதைக் கூப்பிட்டான், பதில் இல்லை. தலையைச் சொறிந்தான்.

"சங்கிலி, நான் கூப்பிட்டா பதில் உள்ள வருதுல்ல? அப்ப வர்ற வழி நல்லாத்தான இருக்கு?" என்றாள் லட்சுமிகாந்தம்.

அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. நாம் கூப்பிட்டவன் உள்ளே வருகிறான், தானாக வந்து தட்டுகிறவன் வெளியே நிற்கிறான் என்றால், பாதையைத் தோண்டிப் பார்த்துப் பயனில்லை. உள்ளிருந்து யாரோ வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

செட்டிங்கைத் திறந்து பார்த்தான். அவள் கம்ப்யூட்டர், தான் அச்சகத்தில் இருப்பதை மறந்து, பஸ் ஸ்டாண்ட் மாதிரி பொது இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்தது.

"புது ரூட்டர் மாட்டுனதும் ஒரு கேள்வி வந்திருக்குமேக்கா. இந்த மிஷினை மத்த மிஷினுக பாக்கலாமான்னு."

லட்சுமிகாந்தம் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். வந்தது. பூஜையன்று சாயங்காலம், விரலில் சந்தனம் காயாமல் இருந்தபோது. மற்றவர்கள் எல்லோரும் ஆமாம் என்று அமுக்கிய இடத்தில், அவள் கை யோசிக்காமல் வேண்டாம் என்று அமுக்கியிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்து சங்கிலிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. அப்டேட்டில் தானாக மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றான். அவள் அதைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்க்கவும் செய்தாள். உண்மையைச் சொன்னால் அண்ணாச்சியின் சந்தேகத்துக்கு அவளே சாட்சி சொன்னது போல ஆகும். பிறகு எழுந்து போய் முதலாளி அறை வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டாள்.

"அண்ணாச்சி, கதவைச் சாத்துனது நாந்தான். மத்த மிஷினுக பாக்கலாமான்னு பூசையன்னிக்கு ஒரு கேள்வி கேட்டுச்சு. வேண்டாம்னு அமுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"யாரு என்னன்னு தெரியாம உள்ள விட்டுப் பழக்கமில்லை அண்ணாச்சி."

அவள் அறை வாசலில் தான் நின்ற நாட்களை அண்ணாச்சி நினைத்தாரோ என்னவோ, மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னையே வாசல்ல நிப்பாட்டுறவ. மிஷினை விட்டுருவியாக்கும். போ, போயி நீயே தெறந்து விடு. விக்னேஷுக்கு லோடு ஏத்துற வேலை கெடக்கு."

சங்கிலிமுத்து செட்டிங்கை எடுத்து வைத்து, அமுக்கச் சொன்னான். அவள் மவுஸில் கை வைத்தாள். அமுக்காமல் திரும்பிக் கேட்டாள்.

"எத்தனை பேரு வருவாக?"

"மூணு மிஷினுதாங்க்கா."

அவளுடையதையும் சேர்த்தால் நான்கு. அமுக்கினாள்.