விலகாத மூட்டம்

அந்த வருஷம் மூட்டம் விலகவே இல்லை என்றுதான் இராக்கம்மா நம்பிக்கொண்டிருந்தாள். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அப்படி நம்புவதில் என்ன தப்பு? காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் மூட்டம், மலையேறினால் மூட்டம், குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பினாலும் மூட்டம். "இன்னைக்கும் மூட்டமா இருக்கேங்க" என்பாள். "ஆமா புள்ள" என்பான் புருஷன் அழகர். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷப் பங்குனியில், உச்சி வெயிலில், கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள் கம்பளியை இழுத்துத் தலையில் போர்த்தினாள். நிரையில் நின்ற பெண்கள் கெக்கலித்தார்கள்.

"என்னாக்கா, வெயிலுக்குக் குளிருதா?"

"வெயிலா? மூட்டம் இறங்குதே, தெரியலையா ஒங்களுக்கு?"

சிரிப்பு நின்றுபோயிற்று. கங்காணி மாடசாமி வந்து அவள் கூடைக்குள் கைவிட்டார். முத்தல் இலையாக வந்தது.

"இதான் சங்கதியா? நான் என்னமோ கொழுப்புன்னு நெனச்சேன். போயி கண்ணக் காட்டு. வந்த பொறகும் கூடை இப்படித்தான்னா, புல்லு வெட்டத்தான் போகணும்."

இருபத்தாறு வருஷமாக முதல் நிரையில் நிற்பவள் அவள். கண் போவதைவிட அந்த இடம் போவதுதான் அவளுக்குப் பெரிசாக இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில், புரை முற்றிவிட்டது, வலக்கண்ணை முதலில் அறுக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றாள் அவள். சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்: லயத்துக்கு வந்த ஒருவன் அவள் அப்பாவின் புரையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போனான். மூன்று நாள் வெளிச்சம், அப்புறம் இருட்டு.

"இது தள்ளுறது இல்லம்மா" என்றாள் நர்ஸ். "முழுசா வெளிய எடுத்துருவாங்க. பொறகு தடிச்ச கண்ணாடி போடணும்."

அறுத்த பின் இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருபுறமும் மணல்மூட்டை வைத்துக் கிடத்தினார்கள். எட்டு நாள். பக்கத்துக் கட்டிலில் பண்டாரவளைப் புடவைக்கடைக்காரர் மனைவி ஜெனீரா, அதே கட்டோடு. முகம் பார்க்காமலே சிநேகமானார்கள்.

"கேட்டியா புள்ள, வெளிநாட்டுல கண்ணுக்குள்ளயே கண்ணாடி வெக்கிறாங்களாம். என்ட மகன் சொன்னான்."

"உள்ளுக்கா? அத எப்படிங்கம்மா தொடைக்கிறது?"

ஜெனீரா சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் ஓடிவந்து அதட்டினாள்.

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. கட்டிய கண்ணுக்குள் இராக்கம்மா மலையில் நின்றாள். ஈரச் செடியின் வாசம். பட்டென்று ஒடியும் இளசு, ஒடியாமல் வளையும் முத்தல். எல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்தது. போர்வைமேல் விரல்கள் ஓயவில்லை.

"என்னத்தச் சுரண்டுற புள்ள?"

"கொழுந்தும்மா."

"எத்தன றாத்தல்?"

"இன்னும் நிறுக்கலைங்க."

ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது, போத்தல் அடி மாதிரி. மலையெல்லாம் பெரிசாகிக் கிட்ட வந்திருந்தது. வெள்ளை வேட்டியில்கூட நீலம் பாய்ந்திருந்தது. அழகரின் மீசையையே பார்த்தாள்.

"எப்பங்க நரைச்சுச்சு?"

"நீ மூட்டத்துல இருந்தப்ப."

மறுநாள் நிரையில் நின்றாள். கொழுந்து மூக்குக்கு முன்னால் தெரிந்தது. கிள்ளினால் வெறும் காற்று. இன்னொரு முறை. காற்று. கீழே மாடசாமி பார்த்துக்கொண்டே நின்றார். புல் வெட்டும் கத்தி அவள் நினைவில் வந்துபோனது.

அந்த நேரம் பார்த்து நிஜமாகவே மூட்டம் இறங்கிக் கண்ணாடியை நனைத்தது. கழற்றி முந்தானையில் முடிந்தாள். கண்ணை மூடினாள். விரல்கள் ஆஸ்பத்திரிப் போர்வையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

மாடசாமி கூடையைச் சாக்கில் கவிழ்த்துக் கிளறினார். ஒரு முத்தல் இல்லை.

"கண்ணாடி எங்க?"

"முந்தானையில."

"அப்ப எதுக்குக் கண்ண அறுத்த?"

"ஒங்க மொகத்தப் பாக்கத்தான் கங்காணி. பாத்தாச்சு, முடிஞ்சு வெச்சுட்டேன்."

பெண்கள் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வாயப் பாரு! நாளைக்கும் மொத நெரையிலேயே நில்லு."

சாயந்தரம் இறங்கும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அழகர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூட்டமா இருக்கு, பாத்து வா."

"இல்லங்க," என்றாள். "வெலகுது."