ருசி நோட்டில் என் கையெழுத்து

உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருக்க முடியாத ஜென்மம் நான். கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்திய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மதியச் சாப்பாட்டு மேற்பார்வை என் தலையில் விழுந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். வகுப்புக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கலாம்.

எங்கள் பள்ளியில் சோறு குழந்தைகளின் தட்டுக்குப் போவதற்கு முன்னால் டீச்சர்களில் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அடுப்படி ஆணியில் தொங்கும் நோட்டில் எழுத வேண்டும்: வெந்திருக்கிறதா, உப்பு சரியா, கீழே கையெழுத்து. ருசி நோட்டு என்போம். வியாழக்கிழமை என் முறை. வியாழக்கிழமைதான் முட்டைக் குழம்பு.

நான் முட்டை தொடாத வீட்டில் பிறந்தவள். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் மீன் வாசனைக்கு நடுவே குடியிருந்தும், எங்கள் நாக்கு மட்டும் கும்பகோணத்தை விட்டு நகரவில்லை. முறையை மாற்றிக் கொடுங்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஸ்டாஃப் ரூமில் ஏற்கெனவே கேலி. ‘மாத்ராஜி திதிமொனிக்குப் புல்லும் தயிரும் போதும்’ என்பார்கள். மாத்ராஜி என்றால் மதராஸி; டீச்சரம்மாவை இங்கே திதிமொனி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கேலிக்கு இன்னும் தீனி போட எனக்கு மனசில்லை. வெறும் வீம்பு. வியாழன்தோறும் குண்டானுக்கு மேல் குனிவேன், மோந்து பார்ப்பேன், ‘உப்பு சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். சமைக்கிற இரண்டு பெண்களுக்கும் இது தெரியும். அவர்கள் வாயில் போட்டுப் பார்க்காமலா இறக்குவார்கள் என்று எனக்கு ஒரு தைரியம்.

அந்த வருடம் ஈத் பண்டிகைக்கு முன்னால் என் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் காணாமல் போனாள். கெட்டிக்காரி. கணக்குப் போட்டு முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளுக்கும் போட்டுக் கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். ஒற்றை அறை. தரை முழுக்கத் தைத்த பேண்ட்கள். அவள் கழுத்தில் கயிற்றில் ஒரு சின்னக் கத்தரி தொங்கியது. தையலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை அதால் வெட்டிக்கொண்டிருந்தாள். பண்டிகைக்கு முன்னால் இந்தத் தையல் பேட்டையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது.

அவள் அம்மா எதையும் மறைக்காமல் சொன்னாள். “நோன்பு ஆரம்பிச்சாச்சு திதிமொனி. பகல்ல நான் அடுப்பு மூட்டறதில்ல. ஸ்கூல் சாப்பாட்ட நம்பி அனுப்பினா, போன வருஷம் புழு இருந்துச்சுன்னு சாப்பிடாம வந்தா. இங்க இருந்தா என் கண் முன்னாடி ஒரு ரொட்டியாவது தின்னுவா.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது அப்படியில்லை, டீச்சரே முதலில் சாப்பிட்டுப் பார்க்கிறோம், கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறோம் என்று அளந்தேன். “நீங்களுமா?” என்றாள். “நானும்தான்” என்றேன். திங்கட்கிழமை பெண் வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை வழக்கம்போல மோந்தேன், எழுதினேன். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாண்டு அப்படியே தட்டில் துப்பியது. கடல் தண்ணீர் மாதிரி உப்பு. முட்டைகளைக் குழாயடியில் கழுவித் தின்றார்கள். சோற்றையெல்லாம் குழம்போடு பிசைந்துவிட்டிருந்தார்கள். எல்லாம் வாளிக்குப் போனது. அந்தப் பெண் முட்டையைக்கூடத் தொடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் விசாரித்தேன். சமைப்பவர்களில் ஒருத்தி நோன்பு. இன்னொருத்திக்கு வியாழக்கிழமை லட்சுமி விரதம், பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மற்ற வியாழன்களில் முதலாமவள் ருசி பார்ப்பாள். நோன்பு மாதத்தின் முதல் வியாழன் இது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உப்பையும் ஆளுக்கொரு தடவை போட்டிருக்கிறார்கள். இவள் பார்த்திருப்பாள் என்று அவள், அவள் பார்த்திருப்பாள் என்று இவள், இரண்டு பேரும் பார்த்திருப்பார்கள் என்று நான். மூன்று பெண்கள், மூன்று ஆசாரம், ஒரு குண்டான். யார் நாக்கிலும் ஒரு சொட்டு படவில்லை. அவர்கள் இருவரையும் நான் என்ன சொல்ல முடியும்? நோட்டில் இருப்பது என் கையெழுத்து.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. பள்ளி விட்டதும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.

“உப்பு உங்க நாக்குக்குத் தெரியலியா திதிமொனி?”

ஜலதோஷம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண் கத்தரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“நான் சாப்பிட்டுப் பாக்கல. முட்டை சாப்பிட மாட்டேன்” என்றேன்.

“அப்ப என்னத்துக்குக் கையெழுத்து?”

வெட்கத்தில் காது சுட்டது. அம்மாவே சொன்னாள்: “அடுத்த முட்டை அன்னிக்கு வரேன். நீங்க வாயில வெக்கறத நான் பாக்கணும். இல்லாட்டி இவ இங்கயே இருக்கட்டும்.”

அந்த ஒரு வாரம் வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றினேன். பால் பொங்கி வழிந்தது, இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்தேன். என் கணவர் பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்தார். “மோந்து பாத்தே கையெழுத்துப் போட்டியா? பாங்க்ல நான் இப்படிப் போட்டிருந்தேன்னா உள்ள தள்ளியிருப்பா” என்றார். கொஞ்சம் கழித்து, “ஹெட்மாஸ்டர் சாப்பிட்டுக் காட்டட்டுமேடி” என்றார். ஹெட்மாஸ்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் அந்த அம்மா பார்க்கணும் என்று கேட்டது அவர் நாக்கையா? சாப்பிட்டேன் என்று பொய் சொன்னது நான்.

வியாழக்கிழமை பத்து மணியிலிருந்தே வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அம்மாவும் பெண்ணும் வந்தபோது மணி பன்னிரண்டு. தோளில் பேண்ட் மூட்டை. பெண்ணின் கழுத்தில் கத்தரி. எந்த நிமிடமும் திரும்பிப் போகிறவர்கள் மாதிரி அடுப்படி வாசலிலேயே நின்றார்கள்.

தட்டில் கொஞ்சம் சோறு, மேலே குழம்பு, அரை முட்டை. கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பிசைந்து வாயில் வைத்தேன். மென்றேன். விழுங்கினேன். குமட்டும் என்று ஒரு வாரமாகப் பயந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதற்கா இத்தனை நாள் பொய்க் கையெழுத்துப் போட்டோம் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

“எப்படி இருக்கு?” என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. முட்டைக் குழம்பு எப்படி இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

“நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

பெண் முன்னால் வந்தாள். என் தட்டிலிருந்தே ஒரு விரலால் குழம்பைத் தொட்டு நக்கினாள். “உப்பு கம்மி” என்றாள்.

சமைத்தவள் போன வாரத்துப் பயத்தில் கையைச் சுருக்கிவிட்டாளாம். உப்பு டப்பாவோடு ஓடி வந்தாள். கலக்கியதும் மறுபடி அந்தப் பெண்ணிடம்தான் கரண்டியை நீட்டினேன். தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள்.

அம்மா குனிந்து பெண்ணின் கழுத்திலிருந்து கத்தரிக் கயிற்றைக் கழற்றினாள். “ஸ்கூல் விட்டதும் வந்து வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டு, மூட்டையோடு கத்தரியையும் எடுத்துக்கொண்டு போனாள். பெண் ஓடிப்போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் ருசி நோட்டை எடுத்தேன். உப்பு என்ற கட்டத்தில், முதலில் கம்மி, இப்போது சரி என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். வெளியே வரிசையில் அந்தப் பெண் இரண்டாம் தடவை சோறு கேட்டுத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.